சேலத்தில் டீ, ஏற்காட்டில் காபி: எந்தப் பெயரில் கேட்டால் எது கிடைக்கும்?

அஸ்தம்பட்டி வாசி (இழையைத் தொடங்கியவர்):

வெளியூரிலிருந்து சேலத்துக்கு வருகிறவர்களும் இங்கிருந்து ஏற்காடு ஏறுகிறவர்களும், கேட்டது ஒன்று கைக்கு வந்தது ஒன்று என்று குறைப்படுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் மாஸ்டர் மேல் தவறிருக்காது. அதே சொல்லுக்கு உங்கள் ஊரில் ஒரு பொருள், இங்கே ஒரு பொருள். சேலம் வழக்கை முதலில் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் திருத்துங்கள், சேருங்கள்.

கடையை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். சென்னைக்காரர் டீக்கடையைத் தேடுவார். சேலம், ஈரோடு, கோவை பக்கம் டீ குடிக்கப் பேக்கரிக்குத்தான் போவோம். வாசலிலேயே பாய்லரும் மாஸ்டரும் இருப்பார்கள். பேக்கரியிலும் டீக்கடையிலும் வெறுமனே "ஒரு காபி" என்றால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளைக் கிளாஸில் போட்டு, பால் ஊற்றி ஆற்றித் தருவார்கள். பில்டர் காபி வேண்டுமானால் டிபன் ஓட்டலுக்கோ, காபிக்கென்றே இருக்கும் கடைக்கோ போக வேண்டும். உட்காரும் முன் "பில்டர் இருக்குங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து ஸ்ட்ராங், மீடியம், லைட். இங்கே இவை மூன்றும் டிக்காஷன் அளவை மட்டும் குறிக்கும். பால் கெட்டியாக வேண்டும் என்ற எண்ணத்தில் "ஸ்ட்ராங்" என்றால் கறுப்பாகத்தான் வரும். பாலுக்குத் தனிச் சொல் "திக்கா". "திக்கா, லைட்டா" என்று சேர்த்துச் சொன்னால் தண்ணீர் கலக்காத பால் நிறைய, டிக்காஷன் கொஞ்சம். "ஸ்பெஷல்" என்று பலகையில் எழுதியிருந்தால் அது என்னவென்று கேட்டுவிடுங்கள். ஒரு கடையில் இஞ்சி ஏலக்காய் போட்டது, இன்னொரு கடையில் தண்ணீர் சேர்க்காத பால், வேறொரு கடையில் பெரிய கிளாஸ்.

சொல்லும் வரிசையும் முக்கியம். எண்ணிக்கை, பானம், கடுமை, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில், மாஸ்டர் கிளாஸை எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும்: "மூணு டீங்கண்ணா, ஒன்னு ஸ்ட்ராங் சக்கரை கம்மி, ஒன்னு லைட்டு, ஒன்னு வித்தவுட்டு." வித்தவுட் என்றால் சர்க்கரையே இல்லாதது. கிளாஸில் முதலில் விழுவது சர்க்கரைதான். அது விழுந்த பிறகு சொன்னால் இன்னொரு கிளாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

நெல்லைச் சீமை:

நல்ல தொடக்கம். சர்க்கரை விஷயத்தில் தென்மாவட்டத்தார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை பக்கம் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் பழுப்பு நிறத்தில் பொங்கலுக்குப் போடுவது. அங்கே "சீனி கம்மி" என்பதைத்தான் சேலத்தில் "சக்கரை கம்மி" என்கிறார்கள். சேலத்தில் பழுப்பு வேண்டுமானால் "நாட்டுச் சக்கரை" என்று அடைமொழியோடு கேட்க வேண்டும். சீனி என்றாலும் இங்கே புரிந்துகொள்கிறார்கள், அதில் சிக்கலில்லை. எதிர்த்திசையில்தான் குழப்பம். சேலத்துக்காரர் அங்கே போய் "சர்க்கரை போட்டு" என்றால், "கருப்பட்டியா, சீனியா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

கருப்பட்டிக் காபி எங்கள் பக்கம் பெரும்பாலும் பால் இல்லாதது. சுக்கு தட்டிப் போட்டால் சுக்குக் காபி. இதில் காபித்தூளே இல்லாமலும் போடுவார்கள். சேலத்தில் "சுக்கு காபி" என்று தள்ளுவண்டியில் விற்பது பெரும்பாலும் சுக்கு, மல்லி, வெல்லம் சேர்ந்தது. காபித்தூள் இருக்கும் என்று நம்பித் தூக்கம் விரட்டக் குடித்தால் பலன் இருக்காது.

ஒரு கேள்வி. நாட்டுச் சர்க்கரை போட்டால் சில கடைகளில் பால் திரிந்து வருகிறது, சில இடங்களில் திரிவதில்லை. மாஸ்டர்கள் யாராவது விளக்க முடியுமா?

குகை டீ மாஸ்டர்:

விளக்குகிறேன் ஐயா. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் புளிப்புத் தன்மை கொஞ்சம் உண்டு, தாது உப்புகளும் உண்டு. பழைய சரக்கானால் இரண்டும் கூடும். கொதிக்கிற பாலில் நேரடியாக விழுந்தால் பால் திரியும். பால் ஏற்கெனவே கொஞ்சம் பழசாக இருந்தால் நிச்சயம் திரியும். செய்ய வேண்டியது: நாட்டுச் சர்க்கரையைக் கிளாஸில் போட்டு, சூடான டிக்காஷனை ஊற்றிக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நின்ற பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும். பாலை ஊற்றிய பிறகு மறுபடி அடுப்பில் வைக்கவே கூடாது.

இஞ்சியும் பாலைத் திரிக்கும். பச்சை இஞ்சியில் பால் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சூட்டில் அது செயலிழந்துவிடும். அதனால் நசுக்கிய இஞ்சியைத் தண்ணீரில் போட்டு 2 நிமிடமாவது கொதிக்கவிட்டு, பிறகு தூள், அதன்பின் பால். ஆறிய பாலில் இஞ்சியைப் போட்டுச் சேர்த்துக் காய்ச்சுவதால்தான் பல வீடுகளில் இஞ்சி டீ கட்டி கட்டியாகிறது.

கடையில் டீ எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் கேட்பது சுலபம். நம் பக்கம் பயன்படுவது டஸ்ட் டீ. வட இந்தியக் கடைகளில் காண்கிற குருணைத் தூளைவிட இது பொடி. பொடி என்பதால் சாறு சீக்கிரம் இறங்கும், பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. பாய்லர் வெந்நீரைத் துணிப்பையில் இருக்கும் தூள் மேல் ஊற்றி மக்கில் பிடிக்கிறோம். அதே டிக்காஷனை எடுத்து மறுபடி பை வழியாக ஊற்றினால் கெட்டிப்படும். ஒரு டீக்கு 2 முதல் 2.5 கிராம் தூள். 90 மில்லி டீயில் ஸ்ட்ராங் என்றால் டிக்காஷன் சுமார் 40 மில்லி, மீடியம் 30, லைட் 20. மீதி பால்.

கெடுவது எங்கே? பையில் இருக்கிற தூளை மாற்றாமல் அதன் மேலேயே புதுத் தூளைப் போட்டுக்கொண்டு போனால் அடியில் கிடக்கும் பழசு துவர்ப்பை மட்டும் விடும். நிறம் இருக்கும், மணம் இருக்காது. பிற்பகலில் கூட்டம் குறைந்த கடையில் இதுதான் நடக்கும். "புது டிக்காஷன் போடும்போது குடுங்கண்ணா, நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். எந்த மாஸ்டரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தண்ணீரும் முக்கியம். சேலத்தில் மேட்டூர்த் தண்ணீரை நல்ல தண்ணி என்றும் போர் தண்ணீரை உப்புத் தண்ணி என்றும் பிரித்துச் சொல்வதற்கு டீயில் நேரடிக் காரணம் இருக்கிறது. உப்புத் தண்ணியில் போட்ட டிக்காஷன் மங்கலாக இருக்கும், சற்று நின்றதும் மேலே ஏடு மாதிரி ஒரு படலம் கட்டும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது அது. தூளை மாற்றினால் போகாது, தண்ணீரை மாற்றினால்தான் போகும்.

ஒரு எச்சரிக்கை: "வித்தவுட்" எல்லாக் கடையிலும் முடியாது. பாலிலேயே சர்க்கரையைக் கலந்து காய்ச்சும் கடைகளும், டீயை மொத்தமாகக் கொதிக்கவைத்துக் கேனில் ஊற்றி வைக்கும் கடைகளும் உண்டு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் "பால்ல சக்கரை கலந்திருக்குங்களா?" என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

ஓசூர் சாலை:

தருமபுரி தாண்டி ஓசூர் பக்கம் போகப் போக "பை டூ" வந்துவிடும். பெங்களூர் வழக்கம் அது. ஒரு காபியை இரண்டு கிளாஸில் பகிர்ந்து தருவார்கள், பெரும்பாலும் ஒரு காபியின் விலைதான். சேலத்தில் "ஒன் பை டூ" என்றால் பொருள் புரியும், ஆனால் எல்லாக் கடையும் தராது. தருகிற கடையிலும் ஒரு கிளாஸில் முழுதாகப் போட்டு, இன்னொரு காலி கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். பிரித்துக்கொள்வது நம் வேலை.

பெங்களூரில் நின்றபடி குடிக்கும் கடைகளில் காபி சர்க்கரையோடேயே வருவது வழக்கம். வேண்டாமென்றால் பில் போடும்போதே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் சேலம் ஓட்டலில் டோக்கன் வாங்கும் இடத்தில் சொல்லிவிட்டு நின்றால் உள்ளே தகவல் போகாது. இங்கே காபி கலக்குகிறவரிடம் சொல்வதுதான் கணக்கு.

வறுவல் கடை, செவ்வாய்ப்பேட்டை:

தூள் வாங்கும் இடத்துப் பெயர்களையும் சேர்த்துவிடுகிறேன். ஓட்டலில் காபி ருசிக்கவில்லை என்பவர்கள் பலர் வீட்டுக்கும் அதே தவறான தூளைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அரைக்கும் கடையில் சொல்ல வேண்டியது மூன்று: கொட்டை, சிக்கரி விகிதம், அரைப்பு.

கொட்டையில் காதில் விழுகிற பெயர்கள் பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரொபஸ்டா, செர்ரி. அராபிகா, ரொபஸ்டா இரண்டும் காபிச் செடியின் இனங்கள். காபிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதை, ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஒரே விதை உருண்டு விளைந்திருந்தால் அது பீபெரி. உருண்டை என்பதால் வறுபடும்போது எல்லாப் பக்கமும் சீராக வறுபடும். பிளான்டேஷன் என்பது பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. அதற்குப் பின்னால் வரும் ஏ, பி எல்லாம் கொட்டையின் பருமன். 6.65 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஏ. செர்ரி என்பது தோலோடு அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தது. பழச்சுவை கலந்தது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு, அது தவறு. செர்ரியில் அராபிகாவும் உண்டு, ரொபஸ்டாவும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சேலத்தில் வெகுநாள் வாடிக்கையாளர்கள் கேட்பது "பீபெரி பாதி, ஏ பாதி".

சிக்கரியைக் கலப்படம் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. அது ஒரு கிழங்கு வேர், வறுத்துப் பொடித்தது. காஃபீன் கிடையாது. கறுப்பு நிறம், நாக்கில் நிற்கும் கெட்டித்தன்மை, கடைசியில் ஒரு கருகல் இனிப்பு, இந்த மூன்றையும் தரும். பால் நிறைய ஊற்றிக் குடிக்கும் நம் காபிக்கு 15 அல்லது 20 சதவீதம் பொருந்தும். "80-20" என்று கேட்டால் கால் கிலோவில் 200 கிராம் காபி, 50 கிராம் சிக்கரி. சட்டப்படி கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை போகலாம், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். ஸ்ட்ராங் என்று சொல்லி 60-40 வாங்குகிறவர்கள் நிறத்தைத்தான் வாங்குகிறார்கள். உண்மையில் ஸ்ட்ராங் வேண்டுமானால் சிக்கரியைக் கூட்டாதீர்கள், ரொபஸ்டாவைக் கால் பங்கு சேருங்கள். அதில் காஃபீன் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்ஸ்டன்ட்டிலும் இந்த வேறுபாடு உண்டு. ப்ரூ இன்ஸ்டன்ட் சிக்கரி கலந்தது, நெஸ்கபே கிளாசிக் கலக்காதது. ஒரே அளவு ஸ்பூன் போட்டும் இரண்டு கடையில் நிறம் மாறுவது இதனால்தான்.

தூளில் சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க: ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீர் மேல் அரை ஸ்பூன் தூளைத் தூவுங்கள், கலக்கக் கூடாது. காபி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடு விட்டபடி இறங்கும். இருக்கிறதா இல்லையா என்றுதான் இது காட்டும், எத்தனை சதவீதம் என்று காட்டாது.

அரைப்புக்கு "பில்டருக்கு" என்று சொல்லுங்கள். மாவாக அரைத்தால் பில்டர் அடைக்கும். 100 அல்லது 200 கிராமாக வாங்கி இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சிக்கரி காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும், டப்பா இறுக்கமாக மூடட்டும்.

அஸ்தம்பட்டி வாசி:

அருமை அண்ணா. அப்படியே "டிகிரி காபி"யையும் தெளிவுபடுத்துங்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் போனால் வழியெல்லாம் கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகள், பித்தளை டபரா. ஆனால் கடைக்குக் கடை ருசி வேறாக இருக்கிறது.

வறுவல் கடை, செவ்வாய்ப்பேட்டை:

அந்தப் பெயருக்கு மூன்று விளக்கம் சொல்வார்கள். பாலின் தரத்தைப் பால்மானியில் டிகிரி கணக்கில் பார்த்து, தண்ணீர் கலக்காததை மட்டும் எடுத்ததால் டிகிரி என்பது ஒன்று. முதல் டிக்காஷனில் மட்டும் போட்டது டிகிரி என்பது இன்னொன்று. சிக்கரி மருவி டிகிரி ஆனது என்பது மூன்றாவது. நான் முதல் விளக்கத்தின் பக்கம். கும்பகோணத்துக் காபியின் தனித்தன்மை கறந்த பசும்பாலில்தான் இருக்கிறது. பெயர் எப்படி வந்திருந்தாலும், நல்ல கடையில் அந்தப் பெயருக்கு எதிர்பார்க்க வேண்டியது முதல் டிக்காஷன், தண்ணீரில்லாத பால், இரண்டையும் கலந்தபின் மறுபடி சூடாக்காமை. மூன்றில் ஒன்று தவறினாலும் பித்தளை டபரா காப்பாற்றாது. பித்தளைக்கு உள்ளே வெள்ளீயப் பூச்சு இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் அதில் குடிக்க வேண்டாம்.

பால் சொசைட்டி:

பால்மானி பற்றி ஒரு வார்த்தை. நல்ல பசும்பாலில் அது 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் சேர்ந்தால் இறங்கும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். எனவே ஆடையெடுத்துத் தண்ணீர் கலந்த பாலும் 29 காட்ட முடியும். சூடான பாலில் வைத்தாலும் கணக்கு தப்பும். கருவியில் எந்த வெப்பநிலைக்கென்று குறித்திருக்கிறதோ அதில்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணை மட்டும் நம்பிப் "டிகிரி பால்" என்று சொல்லிவிட முடியாது, கொழுப்பும் பார்க்க வேண்டும்.

பாக்கெட் பாலில் வீட்டில் போடுகிறவர்களுக்கு: ஆவின் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. டீக்கு நீலம் போதும். பில்டர் காபிக்குப் பச்சை சரியாக வரும். ஆரஞ்சில் தண்ணீர் சேர்க்காமல் போட்டால் கொழுப்பு நாக்கை மூடிக் காபி மணத்தை அமுக்கிவிடும், டிக்காஷனைக் கூட்ட வேண்டியிருக்கும். ஓட்டலில் "திக்கா" கேட்டுவிட்டு "காபி வாசமே இல்லை" என்று குறைப்படுவது இதனால்தான்.

ஒண்டிக்கடை ரவுண்டானா:

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மேலே வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, காபித் தோட்டம் உள்ள ஊர் என்பதால் எல்லாக் கடையிலும் தோட்டத்துக் காபி கிடைக்கும் என்று நினைப்பது. ஏரிப் பக்கத்துக் கடைகளில் "காபி" என்றால் கீழே உள்ள பேக்கரிபோலவே இன்ஸ்டன்ட்தான் பெரும்பாலும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி வந்தது, இன்றும் சில்வர் ஓக் மரத்து நிழலிலும் மிளகுக் கொடிக்கு நடுவிலும் அராபிகா விளைகிறது. ஆனால் அது பெரும்பாலும் பச்சைக் கொட்டையாகவே மலையிறங்கிவிடும். இங்கே வறுத்து அரைத்துப் போடும் கடைகள் சிலவே. "எஸ்டேட் தூளா, இங்கே வறுத்ததா?" என்று கேளுங்கள். அறுவடை நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். புதுக்கொட்டை காய்ந்து கைக்கு வருவது அதற்குப் பிறகுதான். டிசம்பரில் வந்து "இந்த வருஷத்துப் புதுத்தூள்" கேட்டால் கிடைப்பது கடினம்.

டீ தோட்டம் பார்க்கலாம் என்று வருகிறவர்களும் உண்டு. ஆனால் ஏற்காட்டு டீக்கடைத் தூளே நீலகிரியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ வருவது.

பால் இல்லாத காபிக்கு இங்கே வரக்காப்பி என்ற பெயர். தெற்கே கடுங்காப்பி. இரண்டிலும் சர்க்கரையோ வெல்லமோ கேட்காமலே விழும். டூரிஸ்ட் ஓட்டலில் "பிளாக் காபி" என்றால் இன்ஸ்டன்ட் தூளும் வெந்நீரும்தான். தோட்டத்து அராபிகாவின் ருசி தெரிய வேண்டுமானால் "பில்டர் டிக்காஷன்ல பால் இல்லாம, வெந்நீர் கலந்து, சக்கரை தனியா" என்று முழுதாகச் சொல்லுங்கள். 30 மில்லி டிக்காஷனுக்கு 70 மில்லி வெந்நீர். வறுவல் கடை அண்ணனிடம் எனக்கு ஒரு மாறுபாடு. மலை அராபிகாவுக்கு 20 சதவீதச் சிக்கரி அதிகம். பாலோடு குடித்தால் 10 போதும், பால் இல்லாமல் குடித்தால் சிக்கரியே வேண்டாம். இந்தக் கொட்டைக்கு இருக்கும் மெல்லிய புளிப்பைச் சிக்கரி முதலில் விழுங்கிவிடும்.

கொதிநிலை பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேலத்தில் 99 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. காபிக்கு இது வசதி, கொதித்த தண்ணீரை ஆறவைக்காமல் அப்படியே ஊற்றலாம். டீக்கு இது குறை. சேலத்தில் தூள் போட்டபின் 2 நிமிடம் கொதிக்கவிடுகிறவர் இங்கே 3 நிமிடம் விட வேண்டும். மேலே வந்ததும் "டீ சப்பென்று இருக்கிறது" என்பவர்கள் தூளைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

வீட்டு பில்டருக்கு அளவு: 20 கிராம் தூள், குவியலாக 3 ஸ்பூன். மேல் பாத்திரத்தில் பரப்பித் தட்டிச் சமப்படுத்திக் குடையை (தூளை அமுக்கும் காம்பு வைத்த துளைத் தட்டு) லேசாக அழுத்தவும். முதலில் 20 மில்லி வெந்நீர் விட்டு அரை நிமிடம் ஊறவிட்டு, பிறகு 80 மில்லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கீழே 60 மில்லிதான் இறங்கும். அது 2 டம்ளருக்கு: ஆளுக்கு 30 டிக்காஷன், 90 பால். 10 முதல் 15 நிமிடத்தில் இறங்க வேண்டும். 3 நிமிடத்தில் இறங்கினால் அரைப்பு பருமன் அல்லது குடை அழுத்தமில்லை. அரை மணியாகியும் நின்றால் அரைப்பு மாவு, இல்லையேல் சிக்கரி அதிகம். சிக்கரி தண்ணீரில் உப்பித் துளையை அடைக்கும். அப்போது மேல் பாத்திரத்தைத் தட்டாதீர்கள். மேல் மூடியைத் திறந்து, இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தைச் சற்றுத் தூக்கிக் காற்றுப் போக விட்டாலே பல நேரம் இறங்கிவிடும்.

பாலக்காட்டுப் பாதை:

கேரளத்திலிருந்து வருகிறவர்களுக்காக: சாயா என்றால் பால் டீ, கட்டன் என்றால் பால் இல்லாதது. நாம் ஸ்ட்ராங் என்பது அங்கே கடுப்பம். வித்தவுட் இரண்டு பக்கமும் ஒன்றே. சேலம் ஜங்ஷன் பக்கக் கடைகளில் "கட்டன்" என்றால் புரியும், உள்ளூரில் "பால் இல்லாத டீ" என்று சொல்லிவிடுவது நல்லது. அப்போதும் எலுமிச்சை பிழிந்துவிடுவார்கள், வேண்டாமென்றால் அதையும் சொல்லுங்கள். பிழிந்த பிறகு பால் சேர்க்கக் கேட்டால் திரிந்துபோகும்.

யாழ் வாசகி:

எங்கட பக்கம் வெறுந்தேத்தண்ணி, பால் தேத்தண்ணி என்று இரண்டு. கொழும்பில் பிளேன்டீ என்பார்கள். சீனியைக் கரைக்காமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பதும் உண்டு. சேலத்தில் பனங்கட்டி கேட்கிறவர்கள் கருப்பட்டி அல்லது பனைவெல்லம் என்று கேளுங்கோ. மலேசியாவில் இருந்து வருகிற உறவுக்காரர் "தே ஓ" என்று சொன்னால் அது சீனி போட்ட, பால் இல்லாத தேநீர். "கொசோங்" சேர்ந்தால் சீனியும் இல்லை. வெறும் "தே" என்றால் டின் பால். அந்த ருசி இங்கத்தைய டீக்கடையில் கிடைக்காது.

சூரமங்கலம் பயணி:

பயனுள்ள இழை. ஒரு நடைமுறைக் கேள்வி. பெரியவர்களோடு அதிகாலையில் ஏற்காடு ஏறுகிறோம். கீழேயே காபி வாங்கிக்கொண்டு போனால் மேலே போவதற்குள் கெட்டுவிடுமா? பார்சல் எப்படிக் கேட்பது?

குகை டீ மாஸ்டர்:

"ஒரு பார்சல்" என்று கேட்காதீர்கள், அதற்குக் கடைக்குக் கடை அளவு மாறும். பிளாஸ்டிக் கவரில் கட்டுவது 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பிளாஸ்கோ தூக்குப்போசியோ கொண்டுபோய் "அஞ்சு டீ ஊத்துங்க" என்று எண்ணிக்கையில் கேளுங்கள். 5 டீ என்றால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி.

ஒண்டிக்கடை ரவுண்டானா:

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மெதுவாக வந்தாலும் டீக்கு ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க வைத்துக் குடிப்பதாக இருந்தால் கலந்த காபியாக வாங்க வேண்டாம். டிக்காஷனில் புளிப்பு உண்டு, சூட்டிலேயே பாலோடு பல மணி நேரம் கிடந்தால் பால் திரியவும், நிறம் மங்கிக் கருகல் வாடை அடிக்கவும் செய்யும். இரண்டு பிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதில் நன்கு கொதித்த பால், சிறியதில் டிக்காஷன், சர்க்கரை தனியே பொட்டலத்தில். இரண்டு பிளாஸ்கிலும் முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். பாலை 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

விளிம்புவரை நிரப்பாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். மேலே காற்றழுத்தம் குறைவு, மூடியைச் சட்டென்று திறந்தால் பால் பீறிடும். பாதி திருகி, உள்ளிருக்கும் ஆவி போன பிறகு முழுதாகத் திறந்து ஊற்றுங்கள்.